வெள்ளைக்காரர் காலத்துச் சென்னையைக் கதையாக எழுத: எங்கே போவது, என்ன கொண்டுபோவது, எவ்வளவு நாள் ஆகும்

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தை வைத்து ஒரு நாவல் எழுதலாம் என்று இறங்கி, எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, அதைப் பார்க்க என்ன கடிதம் வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் நிறைய அலைந்தேன். ஓர் இடத்தில் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடிதத்தோடு போனால், அதில் தேதி இல்லை என்றார்கள். அந்த அலைச்சல் அடுத்து எழுத வருபவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சினிமாவிலும் தொடர்கதைகளிலும் வரும் துரை பெரும்பாலும் ஒரே ஆள்தான். குதிரை, சவுக்கு, கொச்சைத் தமிழ், கடைசியில் ஒரு துப்பாக்கிச் சூடு. அப்படிப்பட்டவர்கள் இருந்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆட்சி நம் ஊர்களில் தினசரி நடந்தது காகிதத்தில்: கிஸ்தி ரசீது, ஜமாபந்திக் கணக்கு, மனு, மனுவின் மேல் உத்தரவு, கூலிப் பட்டியல். அந்தக் காகிதத்தை எழுதியவர், நகலெடுத்தவர், ஊருக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டியவர், அதைச் சொல்லி வசூல் செய்தவர் எல்லாம் பெரும்பாலும் நம் ஆட்கள். அந்த ஆட்சியின் கொடுமை கதையில் உண்மையாக இறங்க வேண்டுமானால், அந்தக் காகிதத்தை நீங்கள் ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு அது முடியக்கூடிய காரியம்தான். வழி தெரிந்தால் போதும்.

1. ஒரு வருஷம், ஓர் ஊர், ஓர் அலுவலகம்

'வெள்ளைக்காரன் காலம்' என்று பொதுவாக வைத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். 1639ல் கம்பெனிக்காரர்கள் இங்கே இடம் வாங்கியதிலிருந்து 1947 வரை முந்நூறு வருஷம். 1858 வரை கம்பெனி ஆட்சி, அதன்பிறகு பிரிட்டிஷ் அரசின் நேரடி ஆட்சி. ஊர்ப்பெயர், காசு, சட்டம், உடை, பதவிப் பெயர் எல்லாமே நடுநடுவே மாறியிருக்கின்றன.

அதனால் முதலில் ஒரு வருஷத்தை முடிவு செய்யுங்கள். 'பஞ்ச காலம்' என்று வைத்துக்கொள்ளாமல், '1877 ஜனவரி முதல் டிசம்பர் வரை' என்று வையுங்கள். அடுத்து ஓர் ஊர் அல்லது பேட்டை. அப்புறம் ஓர் அலுவலகம்: கலெக்டர் கச்சேரியா, கடல் சுங்கமா, போலீஸ் கோர்ட்டா, ரயில்வேயா? கதையில் அந்த அலுவலகம் வராவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் ஊரைப் பற்றிய காகிதம் அந்த அலுவலகத்தின் பெயரில்தான் கட்டப்பட்டிருக்கும்.

2. ஏற்கெனவே வந்த கதைகளைக் குறிப்பெடுத்துப் படியுங்கள்

ரசித்துப் படிப்பது வேறு, இந்த வேலைக்காகப் படிப்பது வேறு. ஒரு நோட்டில் பக்கத்தை நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: உத்தரவு போடுபவர் யார், அதை நிறைவேற்றுபவர் யார், அதற்கு விலை கொடுப்பவர் யார். ஒவ்வொரு கதைக்கும் இந்த மூன்றையும் நிரப்புங்கள். நடுப்பத்தி காலியாக இருக்கும் கதைகள்தான் அதிகம் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

அந்த நடுப்பத்தி நிறைந்த கதைகளும் நம்மிடம் இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக வேலை பார்த்த பி.எச். டேனியல் 1969ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று கிடைக்கிறது. அதில் கங்காணியைக் கவனியுங்கள். தோட்டத் துரைக்கும் கூலிக்கும் நடுவில் நிற்கிற அந்த ஆள் இல்லாமல் அந்தத் தோட்டமே இல்லை. ஜெயமோகனின் 'வெள்ளை யானை' பஞ்ச காலத்துச் சென்னையில், ஐஸ் ஹவுஸைச் சுற்றி நடப்பது. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கண் வழியாகவே எழுதப்பட்டது. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு சமூகத்தின் மேல் எப்படி இறங்கியது என்பதைப் பார்க்க உதவும். ஆங்கிலேயர் எழுதியவற்றில் கிப்ளிங்கின் 'கிம்' (1901), ஃபார்ஸ்டரின் 'எ பாசேஜ் டு இந்தியா' (1924) இரண்டையும் படியுங்கள். ஆனால் இரண்டும் வடக்கே நடப்பவை. அங்கே உள்ள நிலமுறை, பதவிப் பெயர், வீட்டமைப்பு எதையும் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஜமீன்தார் இல்லாத ஊரில் ஜமீன்தாரை வைப்பது அப்படி வந்த பழக்கம்தான். இந்த மாகாணத்தின் பெரும்பகுதியில் இருந்தது ரயத்துவாரி. உழவர் நேரே சர்க்காருக்குக் கிஸ்தி கட்டினார்.

இன்னொன்று: 1947க்கு முன்னால் தமிழில் வந்த கதைகளில் வெள்ளைக்காரரைப் பற்றி நேரடியாக ஒன்றும் இல்லையே என்று அந்த எழுத்தாளர்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 1876ல் நாடகச் சட்டம், 1910ல் பத்திரிகைச் சட்டம் என்று கண்காணிப்பு இருந்தது. 1939ல் வந்த 'தியாகபூமி' படம் தடை செய்யப்பட்டது. சொல்லாமல் விட்டதற்கும் காரணம் உண்டு.

வசனத்தில் ஓர் எச்சரிக்கை. 1959ல் வந்த கட்டபொம்மன் படத்தின் வரி வசனம் நம் எல்லோர் காதிலும் இருக்கிறது. அது அற்புதமான மேடைத் தமிழ். உங்கள் கதையில் ஒரு ரயத்து தாசில்தாரிடம் அந்தத் தொனியில் பேசினால், உங்கள் கதை அந்தப் படத்தின் நிழலில் போய் நின்றுவிடும்.

3. வீட்டில் உட்கார்ந்தே பார்க்கக் கூடியவை

செலவு: இணையக் கட்டணம் மட்டும். நேரம்: குறைந்தது ஒரு மாதம் ஒதுக்குங்கள். இதை முடிக்காமல் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகாதீர்கள்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் அச்சு நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஆங்கில அறிக்கைகள், மாவட்டக் கையேடுகள் ஏராளம். தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு தேடலாம். தேடும்போது பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலைப் போட்டால்தான் ஏதாவது வரும். திருநெல்வேலி 'டின்னவெல்லி'தான் (Tinnevelly), செங்கல்பட்டு 'சிங்கிள்புட்'தான் (Chingleput), திருச்சி 'ட்ரிச்சினாபொலி'தான் (Trichinopoly). புதிய எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு 'ஒன்றுமே இல்லை' என்று விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

முதலில் இறக்கிக்கொள்ள வேண்டியவை: மக்லீன் தொகுத்த சென்னை மாகாண நிர்வாகக் கையேடு (1885), லவ் எழுதிய பழைய மதராஸ் பற்றிய தொகுதிகள் (1913, 1800 வரைதான் உதவும்), உங்கள் மாவட்டத்தின் கையேடு. மக்லீனின் மூன்றாம் தொகுதி சொற்களஞ்சியம். அன்றைய கச்சேரிச் சொற்கள் அதில் இருக்கின்றன.

இன்னும் ஓர் அறிக்கையை அவசியம் படியுங்கள். நில வரி வசூலில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த குழு 1855ல் கொடுத்த அறிக்கை. கிட்டி என்ற மரக்கருவியில் விரல்களை நசுக்குவது, அண்ணாந்தாள் என்று ஆளைக் குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது எல்லாம் அதில் வருகின்றன. செய்தவர்கள் கீழ்நிலை வருவாய்ச் சேவகர்கள், நம் ஊர்க்காரர்கள். வசூலாகியே தீர வேண்டும் என்று மேலிருந்து அழுத்தியது கம்பெனி. 'எங்களுக்குத் தெரியாமல் நடந்தது' என்று மேலே இருப்பவர் சொல்லிக்கொள்ள அந்த ஏற்பாட்டிலேயே இடம் இருந்தது. சவுக்கோடு வரும் துரையை விட, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும் துரை எவ்வளவு பயங்கரமானவர் என்பது இதைப் படித்தால் புரியும்.

4. எழும்பூர் ஆவணக் காப்பகம்

தமிழ்நாடு ஆவணக் காப்பகம், எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், காந்தி இர்வின் சாலையில் இருக்கிறது. செங்கல் நிறக் கட்டடம், 1909ல் வந்தது. மாகாண அரசின் காகிதங்கள் 17ஆம் நூற்றாண்டு முதல் இங்கே இருக்கின்றன. இங்கேதான் உங்கள் பொறுமை அதிகம் தேவைப்படும்.

கையில் கொண்டுபோக வேண்டியவை:

- ஆதார் அட்டையும் அதன் நகல்களும்
- பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள்
- ஒரு நிறுவனத்தின் அறிமுகக் கடிதம்: கல்லூரி, பல்கலைக்கழகத் துறை, பதிப்பகம் அல்லது இதழ். முகவரித்தாளில், தேதியோடு, கையெழுத்தும் முத்திரையும் இட்டது
- உங்கள் தலைப்பு, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, எந்தத் துறைக் காகிதங்கள் வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிய விவரம்

தனி எழுத்தாளருக்குக் கஷ்டம் அந்தக் கடிதம்தான். முனைவர் பட்டம் செய்பவர்களுக்குத் துறைத்தலைவர் கொடுத்துவிடுவார். நமக்கு யார்? உங்கள் கதை ஒன்றையாவது வெளியிட்ட இதழாசிரியரிடம் கேளுங்கள். அவர் மறுத்தால், தெரிந்த வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரிடம் உங்கள் ஒருபக்க விவரத்தோடு போய்க் கேளுங்கள். விவரத்தில் 'நாவலுக்காக' என்று தாராளமாக எழுதுங்கள். ஆனால் கூடவே காலத்தையும் துறையையும் தெளிவாகச் சொல்லுங்கள். 'பிரிட்டிஷ் ஆட்சி பற்றி' என்று மொட்டையாக எழுதிய கடிதம் எங்கே போனாலும் திரும்பி வரும். அனுமதி கிடைக்க எவ்வளவு நாள் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. வெளியூரிலிருந்து வருபவர்கள் அனுமதி கையில் வந்த பிறகு அறை போடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். கட்டணம், வேலை நேரம், நகல் எடுக்கும் விதி ஆகியவை மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் கோப்பைத் தேடாதீர்கள். முதலில் வருஷவாரி அகரவரிசைத் தொகுதிகளைக் கேளுங்கள். அதில் உங்கள் ஊர், உங்கள் விஷயம் எங்கே வருகிறது என்று பார்த்து, துறை, அரசாணை எண், தேதி மூன்றையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். இதில் ஒன்று தவறினாலும் கோப்பு வராது. ரெவின்யூ, ஜுடிஷியல், பப்ளிக் என்று துறைகள் தனித்தனி. ரெவின்யூ போர்டின் (வருவாய் வாரியத்தின்) நடவடிக்கைகளுக்கு எண் வரிசையே வேறு. சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு கோப்பு வர மணிக்கணக்கில் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். அதனால் காலையில் போனதும் முதல் வேலையாகச் சீட்டுகளைக் கொடுத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் அடுத்த வருஷத்து அகரவரிசையைப் பாருங்கள். சில கோப்புகள் உதிரும் நிலையில் இருப்பதால் தர மாட்டார்கள். அதற்குச் சண்டை போட வேண்டாம். அதே விஷயம் அச்சான அறிக்கையில் இருக்கிறதா என்று காப்பக நூலகத்தில் கேளுங்கள். பல நேரம் இருக்கும்.

பேனா எடுக்காதீர்கள், பென்சில்தான். தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் முகக்கவசம் கொண்டுபோங்கள். கைப்பேசியில் படம் எடுப்பதை அனுமதி கேட்காமல் செய்யாதீர்கள்.

இனி, என்ன பார்ப்பது? கதைக்காரர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது 'நேட்டிவ் நியூஸ்பேப்பர் ரிப்போர்ட்' என்ற தொகுதிகளை. நம் மொழிப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று அரசுக்காக ஆங்கிலத்தில் சுருக்கிக் கொடுத்தவை. மூலப் பத்திரிகையே அழிந்துபோன இடத்தில்கூட, ஊரில் அன்று என்ன புலம்பினார்கள் என்பது இதில் இருக்கும். தாசில்தார் லஞ்சம், கிணற்றுத் தகராறு, ரயிலில் மூன்றாம் வகுப்பு நெரிசல் எல்லாம் கிடைக்கும். அடுத்தது மனுக்கள்.

மனுக் கோப்பு ஒன்றை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்சி நடந்த விதம் அதில்தான் தெரியும். மேலே இருப்பது கடைசி உத்தரவு. அதைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழிருந்து மேலாகப் படியுங்கள். அடியில் ஒரு மனு; எழுதத் தெரியாத ஒருவருக்காக மனு எழுதுபவர் வழக்கமான பணிவுச் சொற்களோடு எழுதியது. விளைச்சல் இல்லை, மாடு செத்துவிட்டது, கிஸ்தியைத் தள்ளுபடி செய்யுங்கள் என்ற மாதிரி இருக்கும். அதன்மேல் தாசில்தார் குறிப்பு. அதன்மேல் கலெக்டரின் கடிதம். அதற்கும் மேலே போர்டு. ஒவ்வொரு படியிலும் விஷயம் சுருங்கிக்கொண்டே வரும். மாடு முதலில் காணாமல் போகும், பிறகு ஊர்ப்பெயர், பிறகு மனுதாரரின் பெயர். கடைசியில் தலையிடக் காரணம் எதுவும் அரசுக்குத் தெரியவில்லை என்று ஒரே வரி. அந்த ஒரு வரி அத்தனை கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும். இதை ஒரு காட்சியாக எழுதிப் பாருங்கள். துப்பாக்கிச் சூடு தேவைப்படாது.

5. காப்பகம் மூடியிருக்கும் நாட்களில்

கன்னிமாரா நூலகம், எழும்பூர் பாந்தியன் சாலை, அருங்காட்சியக வளாகத்தில். 1896ல் திறந்தது. அச்சான அரசு அறிக்கைகளும் பழைய நூல்களும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஆவணக் காப்பகத்திலிருந்து அதிக தூரம் இல்லை; ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தரமணி. தமிழில் அச்சானவற்றுக்கு இதுதான் இடம்: பழைய நாவல்கள், நாடக நோட்டீஸ்கள், குஜிலி என்ற மாலைச் சந்தைக் கடைகளில் காலணா அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள். ஆங்கிலக் கோப்புகளில் ஆட்சியின் குரல் கிடைக்கிறது என்றால், ரயில் வந்தபோது, பஞ்சம் வந்தபோது, கொலை வழக்கு நடந்தபோது தெருவில் என்ன பாடினார்கள் என்பது இந்தப் பாட்டுப் புத்தகங்களில்தான் கிடைக்கும். பணியாளர்களிடம் உங்கள் வருஷத்தைச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு மிகவும் உதவினார்கள்.

மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி, நுங்கம்பாக்கம் காலேஜ் ரோடு, கல்வித்துறை வளாகத்துக்குள். 1812ல் தொடங்கியது. வருடச் சந்தா கட்டிச் சேர வேண்டும். வெள்ளைக்காரர்கள் அன்று இங்கே உட்கார்ந்து என்ன படித்தார்கள் என்று அலமாரியைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்கு இப்போதைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். மாகாண அரசின் நடவடிக்கைகள் பெரும்பாலும் இங்கேயே இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட அதிகாரியின் சொந்தக் கடிதங்கள் தேவை என்று உறுதியான பிறகு யோசியுங்கள்.

6. தேதி, காசு, அளவு: எழுதும் முன் போட வேண்டிய பட்டியல்

வாசகர்கள் கண்டுபிடிக்கும் தவறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

பசலி. நிலக் கணக்குகளில் பசலி ஆண்டுதான் இருக்கும், ஜூலை முதல் ஜூன் வரை. பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம் வரும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. நம் ஜனங்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வது அந்தக் காலத்தைத்தான். உங்கள் கிராமத்துப் பாத்திரங்கள் '1876' என்று சொல்ல மாட்டார்கள், 'தாது வருஷம்' என்பார்கள்.

காசு. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை (தம்படி). இந்தப் பை வேறு, 1957க்குப் பிந்தைய நயா பைசா வேறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சென்னையில் வராகன், பணம், காசு என்ற கணக்கு. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. கம்பெனியின் ஆரம்ப காலத்தை எழுதுபவர் ரூபாயைத் தாராளமாக அள்ளி வீசக்கூடாது.

எடை. சென்னை மணங்கு 25 பவுண்டு, எட்டு வீசை. வங்காளத்து மணங்கு சுமார் 82 பவுண்டு. வடக்கத்தி நூலைப் பார்த்து எழுதினால் உங்கள் கூலிக்காரர் மூன்று மடங்குச் சுமையைத் தூக்கிக்கொண்டிருப்பார். நிலத்துக்குக் காணி: 24 மனை, சுமார் 1.32 ஏக்கர்.

கூலி. இதைத் தேடிக் குறித்துக்கொள்ளாமல் ஒரு பாத்திரத்தையும் தொடாதீர்கள். 1877ல் பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆணுக்கு, இந்திய அரசு பஞ்சத்தைப் பார்க்க அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிளின் உத்தரவுப்படி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அது உயிர் தாங்கப் போதாது என்று எழுத்தில் எதிர்த்தார். அவரும் வெள்ளைக்காரர்தான். வில்லனாக ஒருவர், நல்லவராக ஒருவர் என்று பிரித்து வைப்பதற்கு முன், இந்த இருவரும் ஒரே அரசின் சம்பளத்தில் இருந்தார்கள் என்பதை யோசியுங்கள். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்த நிவாரண வேலையில் வெட்டப்பட்டது. இன்று அதன் மேலேதான் பறக்கும் ரயில் போகிறது. எம்.ஆர்.டி.எஸ்ஸில் போகும்போது கீழே பாருங்கள்.

நேரம். இந்திய நேரம் 1906 ஜனவரி 1ல்தான் வந்தது. அதற்கு முன் ரயில் ஓடியது மதராஸ் நேரத்தில். இன்றைய கடிகாரத்தைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் பின்னால்.

கட்டடம், வண்டி. 1856ல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில். சென்ட்ரல் 1873. டிராம் 1895. இப்போதைய எழும்பூர் நிலையம் 1908. ரிப்பன் மாளிகை 1913. பிளாக் டவுன் என்ற பகுதிக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது 1906ல். துறைமுகம் கட்டும் முன் கப்பல் தள்ளி நிற்கும். அலையைத் தாண்டி மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும். 1850ல் உங்கள் துரை கப்பலிலிருந்து பலகை வழியாக மிடுக்காக நடந்து இறங்க முடியாது. படகோட்டிகளை நம்பி, நனைந்துதான் வந்தாக வேண்டும். வைஸ்ராய் என்ற பதவி 1858க்கு முன் கிடையாது.

7. துரையின் தமிழ்

கொச்சைத் தமிழ் பேசும் துரையை விட்டுவிடுங்கள். புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி 1812ல் இங்கே தொடங்கியதே கம்பெனி அதிகாரிகளுக்கு இந்நாட்டு மொழிகளைக் கற்பிக்கத்தான். காலேஜ் ரோட்டின் பெயர் அதிலிருந்து வந்தது. பின்னாளிலும் சிவில் அதிகாரிகள் மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டியிருந்தது. முன்ஷியிடம் (மொழி வாத்தியாரிடம்) பாடம் கேட்டவர் இலக்கணத் தமிழை விறைப்பாகப் பேசியிருப்பார். வட்டார வழக்கு காதில் ஏறாமல் திணறியிருப்பார். நேற்றுக் கப்பலிறங்கிய சிப்பாயும், இருபது வருஷம் ஜில்லாவில் இருந்த கலெக்டரும் ஒரே மாதிரி பேச மாட்டார்கள்.

துபாஷி (துரைக்கும் ஊராருக்கும் நடுவில் மொழிபெயர்த்தவர்), குமாஸ்தா, மணியக்காரர், கர்ணம், வெட்டியான், டவாலி: இவர்களுக்குப் பெயர் கொடுங்கள், குடும்பம் கொடுங்கள், கடன் கொடுங்கள். துரோகி என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். ஒரு துபாஷி எப்படி யோசிப்பார் என்று தெரிய, புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படியுங்கள். பிரெஞ்சுக்காரரிடம் இருந்தவர்தான், ஆனால் 1746ல் அவர்கள் சென்னையைப் பிடித்தது அதில் அன்றன்றைக்கு எழுதப்பட்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுக் கிராமத்துக்கு உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' போதும். கதை நடக்கும் பாதிப் பக்கங்களில் வெள்ளைக்காரரே இல்லாமல், ஆனால் அவர்கள் ஆட்சி எல்லா வீட்டுக்குள்ளும் இருப்பதை அதில் பார்க்கலாம்.

8. கோட்டைக்கு ஒரு நாள்

அடையாள அட்டை அவசியம். தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் சோதனை உண்டு. சட்டசபை கூடும் நாட்களில் போகாதீர்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. புனித மரியன்னை தேவாலயம் (1680) முற்றத்தில் கிடக்கும் கல்லறைக் கற்களின் வயதுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சின்ன வயதில் செத்திருக்கிறார்கள் என்பது துரைகளின் அவசரத்தையும் பயத்தையும் எழுத உதவும். வெளியே வந்து உயர் நீதிமன்றச் சுவரில் 1914ல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டைப் பாருங்கள். அங்கிருந்து அரண்மனைக்காரத் தெரு, தம்புச் செட்டித் தெரு, மிண்ட் தெரு. வெயிலுக்கு முன், ஞாயிறு காலையில் நடப்பது நல்லது.

9. செலவும் காலமும்

வாசிப்புக்கும் இணையத் தேடலுக்கும் இரண்டு மூன்று மாதம். கடிதம், அனுமதிக்கு ஒரு மாதம். காப்பகத்தில் வாரம் இரண்டு நாள் வீதம் மூன்று மாதமாவது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல். சனி, ஞாயிறை நம்பி இந்த வேலையைத் தொடங்க முடியாது. விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய செலவு இழந்த சம்பளம்தான். நகல் கட்டணம், நூலகச் சந்தா, பயணம் எல்லாம் அதற்கு அப்புறம். நகலுக்குப் பணம் கட்டுவதை மிச்சப்படுத்த வேண்டுமானால், முதல் நாள் கையால் குறிப்பெடுத்து, உண்மையில் தேவைப்படும் பக்கங்களுக்கு மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு குறிப்பின் மேலும் துறை, எண், தேதி எழுதாமல் மேசையை விட்டு எழாதீர்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கூலிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள்.

10. உரிமை, பதிவு, அச்சு

எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு முடிந்த படைப்புகளும், வெளியாகி 60 ஆண்டு முடிந்த அரசு அறிக்கைகளும் தாராளமாக எடுத்தாளலாம். இணையத்தில் கிடைத்த பழைய புகைப்படத்தை அட்டையில் போடுவதற்கு முன், அதை வைத்திருக்கும் நிறுவனத்தின் விதியைப் பாருங்கள்.

உண்மைப் பெயர்கள் விஷயத்தில் கவனம். கவர்னர், கமிஷனர் போன்றவர்கள் பரவாயில்லை. ஆனால் கோப்பில் வரும் கர்ணம், மணியக்காரர் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அதே ஊரில் இருக்கலாம். இறந்தவரைப் பற்றி எழுதினாலும், அது குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கம் கொண்டது என்றால் அவதூறுச் சட்டம் பாயும். ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் மாற்றிவிடுங்கள், எண்களை மாற்றாதீர்கள்.

காப்புரிமை எழுதிய உடனேயே உங்களுடையதுதான். பதிவு செய்ய விரும்பினால் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருந்த பிறகுதான் பரிசீலனைக்கே எடுப்பார்கள். சொந்தமாக வெளியிட்டால் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு இந்தியாவில் கட்டணம் இல்லை. 'வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும்.

பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வர வேண்டுமானால், கைப்பிரதி ஆகஸ்டிலேயே பதிப்பாளர் கையில் இருக்கட்டும். நவம்பர், டிசம்பரில் எல்லா அச்சகங்களும் நிரம்பி வழியும். மெய்ப்புப் பார்க்க உங்களுக்கு இரண்டு நாள்கூடக் கிடைக்காது. இந்த மாதிரி நாவலில் மெய்ப்பை நீங்களே பாருங்கள். எங்கேயாவது 1877, 1977 ஆகியிருக்கும்.